வெள்ளிக்குள் மூட வேண்டிய நாற்பத்து மூன்று குறைகள்

கீழ் கோத்தகிரி,
புதன், விடாத மழை.

ஆண்டவர் கிருபையால் பெங்களூரில் சுகமாயிருக்கும் என் தங்கை மகள் ஷைனாவுக்கு, தேயிலை பேக்டரியில் முப்பத்தொரு வருஷம் இலை எடை போட்ட உன் மாமா சில்வஸ்டர் எழுதுவது. இங்கு நானும் அத்தையும் நலம். நலம் என்பது மரியாதைக்கு எழுதியது.

நாலு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்கவே தோன்றாது, தெரியும் கண்ணு. ஒரு கம்ப்யூட்டர் தளத்துக்கு எழுதிய நிரலை இன்னொரு தளத்தில் ஓடவைக்க, நீ இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் உருவாக்கும் கம்பைலரைப் பற்றி ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசல் டீக்கடையில் விளக்கினேன். இந்தப் பக்கம் பச்சை இலை, அந்தப் பக்கம் தூள் என்றேன். பாதரே டீயை ஆறவிட்டார். உன் ஏழு வயதில் நான் உனக்கு இலை சுருட்டும் ரோலிங் மெஷினைக் காட்டியதில் பிறந்த யோசனை அது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் வேண்டுமானாலும் குறை எழுதலாம், இலவசமாகச் சரிசெய்வார்கள் என்று கம்பைலருக்கான உன் இணையப் பக்கத்தையும் போனில் காட்டிவிட்டேன்.

"ஏனுங்ண்ணா, காட்டெருமை எங்கூட்டு வேலிய முறிச்சுப்போட்டுதுங்க. அதையும் எழுதலாமுங்களா?" என்றான் வடிவேல்.

"எழுதுய்யா, எம் மருமக பாத்துக்குவா!"

சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று குறைகள், ரேஷன் கார்டு போட்டோவோடு. போலந்திலிருந்து உன் கூட்டாளி, காட்டெருமை எந்தப் பதிப்பு என்று கேட்டிருக்கிறார். வடிவேல், 'ஆண், ஒத்தக் கொம்பு' என்று பதில் போட்டிருக்கிறான். எழுதியவரே தீர்ந்தது என்று சொல்லாமல் எதையும் மூடக்கூடாது என்பது நீ போட்ட சட்டமாமே? எல்லாம் மூடாவிட்டால் வெள்ளிக்கிழமை கம்பைலர் வெளியீடு கிடையாது, நானும் விலகிவிடுவேன் என்று அந்தப் போலந்துக்காரர் எழுதியதை, இங்கிலீஷ் தெரிந்த நம்மூர் கெஸியா டீச்சர்தான் வாசித்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஊடு ஊடாக ஏறி இறங்குகிறேன். வடிவேல் வேலியை நானே கட்டினேன். எருமையைக் கண்ணாலேயே விரட்டினேன்; அது திரும்பி வந்தது வேறு விஷயம். மாலதி ஊட்டுக் குழாய்க்கு என் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். காத்தாயி அக்காவின் தெருவிளக்குக்கு என் வாசல் பல்பைக் கழற்றி மாட்டினேன்.

"எரியுதாக்கா?"

"எரியுது. ஆனா பழசு மஞ்சளா இருந்துச்சே."

மஞ்சள் பல்பு தேடி நனைந்துகொண்டே கோத்தகிரி போனேன். இன்றோடு நாற்பத்து மூன்றும் மூடியாயிற்று. காய்ச்சல் நூற்று இரண்டு. உன் இரண்டு வருஷத்தை என் ஒரு வாய் கெடுக்கப் பார்த்ததை நினைத்தால் கஞ்சி இறங்கவில்லை. இனி அந்தப் பக்கத்தில் நானோ என் ஊரோ ஓர் எழுத்துப் போடமாட்டோம். மாதா மேல் சத்தியம்.

உனக்கும் கம்பைலருக்கும் சேர்த்து ஜெபமாலை சொல்லும்,
மாமா சில்வஸ்டர்.

பி.கு: தபால் வெள்ளிக்குள் வந்து சேராது. அதனால் கெஸியா டீச்சரைக் கொண்டு இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். குறை எண் நாற்பத்து நான்கு. எழுதியவன் நான்; நான் சொன்னால்தான் மூடலாம். போனை எடு கண்ணு, உடனே மூடுகிறேன்.