மூன்றெழுத்து ஒனோ

ஒனோ மிசுசு சரியாக ஏழு மணி நாற்பது நிமிடம் திருமணமானவராக இருந்தார். அதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. தவறு முழுவதும் தொகுராவுடையது.

தொகுரா நவோவுக்கு இருபத்தேழு வயது. டொயாமாவில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் அந்தக் கம்பெனியில் கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அவளோடு அந்த அறையில் நான்கு சர்வர்களும், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் இருந்தன. ஒப்பந்த வேலை. மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, குடும்பப் பெயர் பொறித்த முத்திரைகள் மூன்று விழ வேண்டும். இரண்டு விழுந்துவிட்டன. மூன்றாவது புச்சோவுடையது. பிரிவுத் தலைவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அந்தப் படிவத்தை ஒன்பது நாட்களாக மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார்.

அது வெளியே வரும்வரை ஒரு தவறும் செய்யக் கூடாது என்று தொகுரா முடிவு செய்திருந்தாள். ஒன்பது நாட்கள் செய்யவும் இல்லை.

பத்தாவது நாள் காலை அவள் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பணியாளர் பிரிவு பெஷ்ஷோவின் கையெழுத்து. கணினிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆங்கில எழுத்திலேயே எழுதியிருந்தான். ஒனோ, ஓர் அம்புக்குறி, ஹிருகாவா. கீழே ஒரு குறிப்பு: சொந்த விஷயம், யாரிடமும் பேசாமல் செய்து முடிக்கவும்.

யாரிடமும் பேசாமல் செய்யும் வேலைதான் தொகுராவுக்குப் பிடித்த வேலை.

கம்பெனியில் அந்தப் பெயருக்கு இரண்டு பேர். பொது நிர்வாகத்தில் இருக்கும் மிசுசு, சின்ன வயல் என்று பொருள் வரும்படி எழுதும் ஒனோ. புச்சோ, பெரிய வயல் என்று பொருள் வரும்படி எழுதும் ஓனோ. வாயால் சொன்னால் நீட்டலில் தெரியும். ஜப்பானிய எழுத்தில் பார்த்தாலே தெரியும். ஆங்கில எழுத்தில்தான் இரண்டு வயலும் ஒன்றாகிவிடும். அதனால் சர்வரில் உள்ள பெயர்ப் பதிவேட்டில் மிசுசுவுக்கு மூன்று எழுத்து, புச்சோவுக்கு ஒன்று கூட்டி நான்கு. சீட்டில் மூன்றுதான் இருந்தது. தொகுரா இரண்டு முறை எண்ணினாள்.

பெயர் மாற்றும் கட்டளை ஒரே வரி. கறுப்புத் திரையில் பழைய பெயர், புதுப் பெயர். நடுவே ஒரு சின்ன 'ஆர்' போட்டால் பழைய பெயர் அழிந்துவிடும். போடாவிட்டால் அது புதியதோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களும் வந்து சேரும். அழிப்பதுதான் சுத்தம் என்று தொகுரா படித்திருந்தாள். எட்டு இருபதுக்கு 'ஆர்' போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

வேலை ஒழுங்காக முடிந்தால் அந்தக் கட்டளை ஒன்றும் சொல்லாது. தவறினால்தான் பேசும். தொகுராவும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆனால் மற்றவை பேசின. பெயர் மாறினால் கதவு அட்டைப் பதிவு, மதியச் சாப்பாட்டுப் பட்டியல், சுவரில் இருக்கும் வருகைத் திரை எல்லாம் தாங்களே மாறிக்கொள்ளும். அதற்கு மேல், ஐந்து வருடம் முன்பு வேலையை விட்டுப்போன யாரோ எழுதிவைத்த நிரல் ஒன்று, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அறிவிப்பு அனுப்பும். அது இருப்பதையே தொகுரா மறந்திருந்தாள்.

எட்டரைக்குக் காலைக் கூட்டம். வருகைத் திரையில் 'ஹிருகாவா மிசுசு' என்று ஒளிர்ந்தது. அங்கே ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் மாறினால் கல்யாணம் என்றுதான் பொருள்.

"அடி கள்ளி, வாயே திறக்கலையே நீ" என்றார் மிசுசுவின் பக்கத்து மேசை கனமோரி.

"ஐயோ, இல்ல, அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று மிசுசு முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார்.

அந்த அலுவலகத்தில் யாரைப் பாராட்டினாலும் அவர்கள் இப்படித்தான் கையை ஆட்டுவார்கள். எனவே அது ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ஹிருகாவா என்றால் அட்டைப்பூச்சி ஆறு என்று பொருள். பெயர் ஒரு மாதிரிதான், ஆள் நல்லவராக இருந்தால் போதும் என்று கனமோரி எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

புச்சோ கைதட்டவில்லை. திரையைப் பார்த்தார். தொகுராவைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஈரப்பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தொகுராவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என்ன தவறு என்றுதான் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மிசுசு அவள் அறைக் கதவைத் தட்டினார். பழைய பெயரிலேயே இருந்த அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும், தொகுரா சான். நான் யாரைக் கட்டிக்கிட்டேன்?"

தொகுரா சீட்டைக் காட்டினாள். மிசுசு அதைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பதில் இருக்கும் என்பதுபோல. நாற்பத்து நான்கு வயது. அம்மாவோடு இருக்கிறார். ஹிருகாவா என்று யாரையும் தெரியாது. பெஷ்ஷோவைக் கேட்கலாம் என்றால் அவன் கனஸாவாவில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தான். தொலைபேசியை மாலைவரை அணைத்துவைப்பான்.

"மூணெழுத்து ஒனோ நீங்க மட்டும்தான்" என்றாள் தொகுரா. அது மன்னிப்புக் கேட்பதுபோல ஒலித்தது.

பழைய பெயருக்கே திருப்பிவிடலாம் என்று கட்டளை போட்டாள். இந்த முறை அது பேசியது. அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதாம். ஏப்ரலில் சேரப்போகும் புதியவர்களுக்குப் பெயர் ஒதுக்கும் நிரல் ஒன்பது மணிக்கு ஓடியிருந்தது. புதியவர்களில் ஒனோ ரிக்குயா என்று ஒருவன். காலியாகக் கிடந்த மூன்று எழுத்தை அது அவனுக்குக் கொடுத்துவிட்டது.

தொகுரா அவனை 'ஒனோ இரண்டு' என்று மாற்றினாள். அதற்கும் ஓர் அறிவிப்பு போனது.

மிசுசுவின் அறிவிப்புக்கு அடுத்தாற்போல, யாருமே பார்த்திராத ஓர் ஒனோ ரிக்குயா. கனமோரி இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தார்.

"பையன் ஒருத்தன் இருக்கான் போல. அம்மா பேரு மாறினாலும் அவன் பழைய பேரையே வச்சுக்கிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்."

பத்து மணிக்கு மிசுசுவுக்கு ஒரு கணவனும் வேலைக்குப் போகும் வயதில் ஒரு மகனும் இருந்தார்கள்.

இனி எதைத் தொட்டாலும் ஓர் அறிவிப்பு போகும் என்று தொகுராவுக்குப் புரிந்தது. அந்த நிரலை எங்கே நிறுத்துவது என்று மதியம்வரை தேடினாள். எழுதியவர் ஒரே ஒரு குறிப்பு விட்டுப்போயிருந்தார்: 'இதைத் தொடாதீர்கள்.'

மதியம் மிசுசுவின் பெயரில் சாப்பாட்டுப் பெட்டி வரவில்லை. ஒனோவுக்குச் சொல்லியிருந்த பெட்டிக்கு இப்போது ஆள் இல்லை. கல்யாண உடைக்காக மெலிகிறார் என்று கனமோரி மற்றவர்களுக்கு விளக்கினார்.

புச்சோ தன் மேசையில் கடையில் வாங்கிய சோற்று உருண்டை இரண்டைத் தின்றுகொண்டிருந்தார். முன்பெல்லாம் நீலத் துணியில் கட்டிய டப்பா வரும். ஜனவரியிலிருந்து வருவதில்லை. வீட்டம்மாவுக்குக் கோபமா என்று கனமோரி ஒருமுறை கேட்டபோது, அவருக்குக் கொஞ்சம் வேலை என்றார். கடைசிப் பருக்கையையும் தின்றபின் எழுந்து தொகுராவின் அறை வாசலுக்கு வந்தார்.

"அது இன்னிக்கு முடிஞ்சுடுமா?"

"மன்னிக்கணும், புச்சோ. முடிச்சிடறேன்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல நின்றார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். இனி படிவத்தில் முத்திரை விழாது என்று தொகுரா நினைத்துக்கொண்டாள். ஏப்ரலில் எங்கே போவது, அறை வாடகை எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். விடை அவளுக்கு முன்பே தெரியும்.

தேநீர் அறையில் மிசுசு கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார்.

"அறிவிப்பை நிறுத்த முடியல" என்றாள் தொகுரா. "ஆனா பேரை இப்பவே திருப்பிடலாம். இன்னொரு அறிவிப்பு போகும், அவ்வளவுதான்."

மிசுசு தண்ணீரை மூடினார்.

"மூணு மணிக்கு கேக் வருது."

"இல்லன்னு சொல்லிடலாமே."

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஆபீஸ்ல கல்யாணம் ஆனவங்க எல்லாருக்கும் கேக் வாங்கினது நான்தான், தொகுரா சான். சமமா வெட்டறதும் நான்தான். ஸ்ட்ராபெரி வச்ச துண்டு கல்யாணப் பொண்ணுக்குப் போயிடும்." கைகளைத் துடைத்துக்கொண்டார். "நாலு மணிக்குத் திருப்பிடறீங்களா?"

தொகுரா சரி என்றாள்.

மூன்று மணிக்குக் கேக்கைக் கனமோரி வெட்டினார். கோணலாக வெட்டினார். மிசுசு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ராபெரியைக் கடைசியில்தான் தின்றார். வயதில் மூத்தவர் என்று புச்சோவை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவர் கேக் தட்டைக் கையில் வைத்தபடி எழுந்தார்.

"புதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உடனே திரும்ப வராது. யாரையோ கூப்பிடறாங்கன்னு நம்ம பாட்டுக்கு நடந்து போயிடுவோம். கூப்பிடறவங்க தப்பா நினைச்சுப்பாங்க. பொறுத்துக்கணும்."

உட்கார்ந்துவிட்டார். கேக்கைத் தொடவில்லை.

"என்னமோ தானே பேரு மாத்திக்கிட்ட மாதிரி பேசறாரு" என்று கனமோரி முணுமுணுத்தார். "வீட்டம்மா பட்டிருப்பாங்க பாவம், இவருக்கென்ன."

நான்கு மணிக்குத் தொகுரா கட்டளையைப் போட்டாள். ஹிருகாவா மிசுசு மறுபடி ஒனோ மிசுசு ஆனார். கட்டளை மௌனமாக இருந்தது. அறிவிப்பு போனது.

அலுவலகம் முழுவதும் விசைப்பலகைச் சத்தம் நின்றது. காலையில் கல்யாணம், மாலையில் பழைய பெயர். கனமோரி எழுந்து மிசுசுவின் மேசையில் இருந்த பூங்கொத்தை ஓசையில்லாமல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை வைத்தார். உட்காரும்போது அடுத்தவரிடம், அந்தப் பையனை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

மிசுசு தொகுராவைப் பார்த்துத் தலைகுனிந்தார். சிரித்ததுபோலவும் இருந்தது.

தொகுரா புச்சோவின் மேசைக்குப் போனாள். போகும் வழியில் மனப்பாடம் செய்திருந்தாள். அந்த வருடத்தில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"தப்பு என்னுடையது, புச்சோ. பெஷ்ஷோ சான் இன்னும் வரல. அந்தச் சீட்டு யாருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பழைய பேரை அழிச்சிடணுமா, உள்ளேயே இருக்கட்டுமான்னு. காலையில கேக்காம அழிச்சிட்டேன். அழிச்சா அந்தப் பேருக்கு வர்ற கடிதம் எதுவும் சேராது."

புச்சோ இழுப்பறையைத் திறந்தார். அவளுடைய படிவம் மேலாகவே இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். விலைச்சீட்டின் நூல் அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, மூன்றாவது கட்டத்தில் வைத்து, மெதுவாக அழுத்தினார்.

"புது முத்திரை செஞ்சு வர்றதுக்கு இத்தனை நாளாச்சு" என்றார். "இது செல்லணும்னா இன்னிக்குள்ள என் பேரை மாத்தணும். பெஷ்ஷோ என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியிருப்பான். அதுல எனக்கும் மூணெழுத்துதான்."

படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். மை காயாத வட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள். ஒன்று அட்டைப்பூச்சி, மற்றது ஆறு.

தொகுராவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் மிச்சம்.

"பழைய பேரு?"

"அழிக்காதீங்க. கல்யாணத்தப்போ பொண்டாட்டி வீட்டுப் பேரை வாங்கிக்கிட்டேன், ஜனவரியில விவாகரத்தாகித் திருப்பிக் கொடுத்தாச்சு. என் பொண்ணு மட்டும் இன்னும் அந்தப் பேருக்குத்தான் எழுதறா."