கால்சியம்மன்

அம்மன் கோயில் வாசலில் கூழ் வாங்க நீட்டிய சொம்பு கல்யாணியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் ஐந்தும் மொட்டுப்போல் கூம்பிக்கொண்டன.

"இன்னாங்க, கை மரத்துப்போச்சு. பிரிக்க முடியல" என்றாள். உதடும் ஒரு பக்கமாக இழுத்தது.

அவள் புருஷன் நரசிம்மன் அவசரமாகப் பையைத் துழாவினான். போன வாரம்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளுடைய கழுத்தில் அறுத்துத் தைராய்டு சுரப்பியை எடுத்திருந்தார்கள். "ரத்தத்துல கால்சியம் குறையும். விரல் மரத்தா உடனே மாத்திரையைக் கொடுத்து இங்க கூட்டிட்டு வாங்க. விட்டா உசுருக்கே ஆபத்து" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இவளோ, ஆடிக் கூழ் ஊற்றும்வரை விரதம் என்று காலை மாத்திரையை விழுங்கவேயில்லை.

அவன் மாத்திரை அட்டையை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வீறிட்டது.

"கல்யாணி மேல ஆத்தா எறங்கிட்டாடி!"

பம்பைக்காரர் அடியை மாற்றினார். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார்கள்.

"ஆத்தா இல்லம்மா, கால்சியம்மா!" என்று பம்பைச் சத்தத்துக்கு மேல் கத்தினான் நரசிம்மன்.

"இன்னாவாம்?"

"கால்சியம்மனாம்!"

"அது எந்தூரு ஆத்தா?"

"மாமல்லபுரத்தாண்ட, கடலோரத்துல கீது. எங்க சித்தப்பா ஊட்ல கும்புடுவாங்க."

நரசிம்மன் தலையில் அடித்துக்கொண்டான். "யோவ், சுண்ணாம்புச் சத்து கம்மியா!"

"ஆத்தா சுண்ணாம்பு கேக்குது!"

நாலா பக்கமிருந்தும் சுண்ணாம்பு டப்பாக்கள் நீண்டன. ஒருவர் கட்டை விரலில் வழித்து அவள் வாயருகே கொண்டுபோயே விட்டார். நரசிம்மன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"ஆத்தாவையா தடுக்கிற?" என்று இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள்.

கல்யாணியின் இன்னொரு கையும் கூம்பத் தொடங்கியது. இனி உண்மை உதவாது.

"எல்லாம் நவுருங்க! கால்சியம்மனுக்கு இந்த வெள்ள மாத்திரதான் படையல்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகியது. கல்யாணி இரண்டை மென்று விழுங்கினாள்.

"அப்போ எங்களுக்குப் பிரசாதம்?"

ஒரு பெண் அட்டையைப் பிடுங்கினாள். ஆளுக்கொன்று போயிற்று. ஆடி மாதம் முழுக்க விரதமிருந்து, வருஷா வருஷம் ஆத்தா வந்து குறி சொல்லும் ஞானம்பாள், உரிமையோடு மூன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைப்பதற்குள் கல்யாணியின் விரல்கள் மெல்லப் பிரிந்தன. கூட்டம் ஏமாந்துபோய் ஞானம்பாளைச் சூழ்ந்தது. பம்பை அடித்தார்கள். உடுக்கை அடித்தார்கள். வேப்பிலையால் வீசினார்கள். அவள் கொட்டாவி விட்டாள்.

கடைசியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கிளம்பவிருந்த ஆட்டோவுக்கு வந்தாள்.

"தம்பி, இவ கழுத்துல இன்னா பண்ணாங்க?"

நரசிம்மன் சொன்னான். ஞானம்பாள் கழுத்தை மூடியிருந்த கொத்து மணிமாலையை விலக்கினாள். கல்யாணிக்கு இருந்த அதே இடத்தில், பழைய தழும்பு ஒன்று.

"ஆபரேசன் பண்ண வருசத்துலேந்துதான்பா என் மேல ஆத்தா வரா. இன்னிக்கு உன் மாத்திரய துன்னேன், வரல. சித்த தள்ளிக் குந்து, நானும் வரேன்."