பீட்டோ குழாய்க்கு வைத்த சந்தனம்

மயிலாப்பூர்,
12-10-1995

மகாராஜராஜஸ்ரீ அடையாறு ராமானுஜம் அவர்கள் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அடியேன் வேம்பு அநேக நமஸ்காரம். பெருமாள் கிருபையில் இங்கு நானும் என் ஆத்துக்காரி ஜானுவும் சௌக்கியம், என் முழங்கால் நீங்கலாக. தங்கள் ஆத்து மாமிக்கும் சிரஞ்சீவி பரத்வாஜுக்கும் எங்கள் விசாரிப்பு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம்தான் என்றாலும், நேரில் வந்தால் பாதியை முழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். தங்கள் பிள்ளைக்கு எங்கள் மதுவந்தியைப் பண்ணிக்கொள்ளச் சம்மதம், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினீர்கள். நியாயம்தான். விட்டுவிடுவாள், அதற்கு நான் பொறுப்பு.

பெண் பிளேனில் அப்படி என்னதான் பண்ணுகிறாள் என்றும் கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லப் போன வாரம் வரைக்கும் எனக்குத் தகுதி கிடையாது. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்தவன் நான். உள்ளே எது எதைச் சுற்ற வைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மீனம்பாக்கத்தில் அவள் கம்பெனி விமானம் நிற்கும் ஹேங்கருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மது என்னை விமானி ஸீட்டில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையுமல்லவா, அதை வைத்து ஒரு கருவி உயரம் சொல்கிறதாம், அன்றன்றைய அழுத்தத்தைத் திருகி வைத்தால்தான் சரியாகச் சொல்லுமாம். இன்னொன்றுக்குள் பம்பரம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது சாயாமல் நின்று, மேகத்துக்குள் கண் தெரியாத விமானிக்கு வானம் எது தரை எது என்று காட்டுகிறது. மழையில் இறங்கும்போது தரையிலிருந்து இரண்டு ரேடியோ அலைகள் வழிகாட்டுமாம், ஒன்று இடம் வலம் சொல்ல, ஒன்று மேல் கீழ் சொல்ல. இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று கையெழுத்துப் போடுவது நம் மது. இந்தப் பெண்ணை ஆத்தில் வைத்துக்கொண்டு நான் மிக்ஸி ரிப்பேருக்குக் கச்சேரி ரோடு வரை நடந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பூரிப்பில்தான் புத்தி கெட்டது. ஆளாளுக்கு ஸ்பேனருக்கும் ஏணிக்கும் பொட்டு வைக்கிறார்கள், நான் மட்டும் சும்மா நிற்பதா. விமானத்தின் மூக்குக்கு அடியில் பேனா பருமனுக்கு ஒரு குழாய், பீட்டோ குழாய் என்று பெயராம், அதற்குச் சிவப்பு நாடா தொங்கும் ஓர் உறை. உறையை நைசாகக் கழற்றி, குழாயின் நுனியில் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம் வைத்து, பழையபடி மூடியும் விட்டேன். நுனியில் ஓட்டை இருந்தது என் சாளேசுவரக் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. முதலாளி கோயம்புத்தூர் போக வேண்டும், நல்ல நேரம் எட்டரையோடு முடிகிறது. வழியனுப்ப நானும் போயிருந்தேன். மெக்கானிக் வெள்ளைத்துரை உறையைக் கழற்றினார். "இன்னாம்மா இது, மூக்குல சந்தனம் ரொம்பிக்கினு கீது" என்று வெளியே இருந்ததைத் துடைத்தார். நான் ஏணிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மது குழாயில் ஒரு பம்பைப் பொருத்திக் காற்றை அழுத்தினாள், உள்ளே வேகம் காட்டும் ஊசி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எதிர்க்காற்று அந்த ஓட்டைக்குள் வந்து மோதினால்தான் எத்தனை வேகத்தில் பறக்கிறோம் என்று விமானிக்குத் தெரியுமாம்; தெரியாமல் வேகம் குறைந்துபோனால் இறக்கை தாங்காது, கீழேதான். முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "அதான் துடைச்சாச்சே, கையெழுத்தைப் போடும்மா. இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்." மது பேனாவை மூடிக் கைப்பையில் போட்டாள். "சரி சார், வரலை. ஆனா இன்னிக்கு இது இப்படியே பறக்காது." குரல் கூட உயரவில்லை. நான்தான் ஏணிக்குப் பின்னாலிருந்து வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. மறுபடி பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதினாள்: அடைப்புக்குக் காரணம், என் தந்தை வைத்த சந்தனம்.

குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுபடி அழுத்தினாள், ஊசி ஜம்மென்று ஏறியது. படியில் கால் வைத்த முதலாளி திரும்பி, "நீ பார்த்தாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தாச்சு என்றாள். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார், ராகு காலம் கூடப் பார்க்கவில்லை. பெற்ற பெண்ணைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது எனக்கு.

தங்கள் குடும்பம் சகல சௌபாக்கியத்தோடும் இருக்கப் பிரார்த்திக்கும்,
அடியேன்
வேம்பு

பி.கு.: சுபகாரியக் கடிதமாயிற்றே, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவு என்று இதை மதுவிடம் கொடுத்தேன். அவள் மூலைகளை விட்டுவிட்டு, முதல் பத்தியில் வேலையை விடுவாள் என்று நான் எழுதிய வரியின் மேல் அப்பியிருக்கிறாள். கேட்டால், "கை தவறிடுத்துப்பா" என்கிறாள். அவளுக்குக் கை தவறி நான் பார்த்ததே இல்லை. தாங்கள் அதைச் சுரண்டிப் படிக்க வேண்டாம். வேலையை விடமாட்டாள். அதற்கும் நானே பொறுப்பு.