உள்ளே போனால்தான் தெரியும்

பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், ஊரில் எல்லோரும் கல்வி மந்திரி ஆகிவிடுவார்கள். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நான் அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில், வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் எல்லாம் எனக்கு ஒரு படிப்பைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்பாவுக்கு இதில் சொந்தக் கருத்து கிடையாது. மாங்காய் மண்டியில் கடைசியாக யாரிடம் பேசினாரோ, அவர் கருத்துதான் அப்பாவின் கருத்து. காலையில் நர்ஸாக இருந்த நான் மதியத்துக்குள் வக்கீலாகி, விளக்கு வைக்கும் நேரத்தில் டீச்சராகியிருப்பேன்.

எனக்கு எந்தப் படிப்பின் மேலும் கோபமில்லை, சந்தேகம்தான். மாமா வந்து எலக்ட்ரிக்கல் எடுக்கச் சொன்னபோது கேட்டேன்.

“படிச்சிட்டு என்னா மாமா பண்ணணும்?”

“கம்பெனிக்குப் போவணும்.”

“கம்பெனில என்னா பண்ணுவாங்க?”

“வேல பண்ணுவாங்க.”

“என்னா வேல?”

“அதெல்லாம் உள்ள போனாத்தான் தெரியும் பாப்பா.”

(மாமா ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருப்பவர். பல வருடமாக வாசலோடு சரி.)

யாரைக் கேட்டாலும் கடைசியில் இதே பதில்தான். உள்ளே போய், பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அடுத்து தம்பி படிக்க வேண்டும். தப்பாக எடுத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளும் வசதி எங்கள் வீட்டில் கிடையாது. இன்னும் இரண்டு நாளில் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில், பெரியப்பா மகள் சுமதி அக்காவைக் கேட்டு வருகிறேன் என்று ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா ஜூஜுவாடியில் நாலைந்து பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் போன அன்று அவளுக்கு நைட் ஷிப்ட். விடிந்து வந்தவள், நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தாள்.

“அக்கா, நீ அங்க என்னா வேல பண்ற?”

“போர்டுல பார்ட் வெப்பேன்.”

“என்னா பார்ட்டு?”

“தூங்க வுடுடி. உள்ள வந்து பார்த்தாத் தெரியும்.” போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆணியில் சட்டை தொங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கேட் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் என் திட்டம். ஓசூரில் யாரும் ஆளின் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதில்லை, சட்டை நிறத்தைப் பார்த்துத்தான் கம்பெனி பஸ்ஸே நிற்கும். நான் ரோட்டில் நின்ற உடனே ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் கன்னடக்காரர். “பேக ஹத்தம்மா, பேக ஹத்து!” என்று அவசரப்படுத்தினார். சீக்கிரம் ஏறு என்கிறார். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண் நான், ஏறிவிட்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டையைக் கேட்டார். நான் விழித்தேன். எனக்குப் பக்கத்திலேயே அட்டை இல்லாத பெண்கள் ஒரு கும்பலாக நின்றிருந்தார்கள். “நியூ பேட்ச்சா? அங்க நில்லு” என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நின்றேன்.

உள்ளே போனேன்! தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். மெதுவாக நகரும் நீளமான பலகைகளில் ஒயர்களை வரிசையாகப் படுக்கவைத்து, பூக்கட்டும் வேகத்தில் பெண்கள் டேப் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் பைக்குக்குள் போகும் ஒயர்களாம். சாவியைத் திருப்பினால் லைட் எரிகிறதே, அதற்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எங்களைச் சுற்றிக்காட்டிய சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். அவரை நான் ஒரு நிமிஷம்கூடச் சும்மா விடவில்லை. இது எதுக்கு, அது ஏன் சிவப்பு, இது கழன்றால் என்ன ஆகும். “இந்த பேட்ச்சுலயே நீ ஒருத்திதேன் கேள்வி கேக்குற” என்று அவர் பாராட்டியதுதான் வினையாகிவிட்டது.

பலகைகளுக்கு மேலே நெடுக ஒரு கயிறு ஓடியது.

“இந்தக் கயிறு எதுக்குண்ணா?”

“லைன்ல ஏதாச்சும் தப்பு கண்ணுல பட்டா இழுக்கணும்த்தா. யாரு வேணாலும் இழுக்கலாம், பயப்படக் கூடாது.”

“இழுத்தா?”

“லைன் நின்னுரும்.”

“எப்பிடி நிக்கும்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பெண்ணிடம் திரும்பினார். நான் கயிற்றைச் சும்மா தொட்டுப் பார்த்தேன். (இன்றுவரை ‘தொட்டேன்’ என்றுதான் சொல்லி வருகிறேன். சுமதி அக்கா ‘தொங்கினாள்’ என்று சொல்லித் திரிகிறாள். அவள் அங்கே இல்லவே இல்லை.)

சிவப்பு விளக்கு சுழன்றது, மணி அலறியது, நகர்ந்துகொண்டிருந்த பலகைகள் எல்லாம் அப்படியே நின்றன. லைன் எப்படி நிற்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். வேறு நிறச் சட்டையில் ஒரு மேடம் வேகமாக வந்தார். குவாலிட்டி மேடம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“ஏன் நின்னுச்சு?”

“கயித்த இழுத்துட்டேன் மேடம்.”

“ஏன் இழுத்த?”

“இழுத்தா என்னா ஆவும்னு பாக்க.”

“ஏன், காலைல டிரெயினிங்ல சொல்லலயா?”

“எனக்கு டிரெயினிங் இல்ல மேடம்.”

“ஏன் இல்ல?”

“எனக்கு இங்க வேல இல்ல மேடம்.”

அக்காவின் கம்பெனி பெயரைச் சொல்லி, உள்ளே வந்து பார்த்தால் தெரியும் என்று அவள் சொன்னதையும், அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததையும் ஒப்புக்கொண்டேன். மேடம் சட்டையை உற்றுப் பார்த்தார். “அந்தக் கம்பெனி ரெண்டு காம்பவுண்டு தள்ளி இருக்குதும்மா” என்றார். ஓசூரில் நீலத்திலேயே பல நீலங்கள் இருக்கின்றன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

செக்யூரிட்டி அறையில் விசாரணை நடந்தது. பக்கத்துக் கம்பெனி என்னை உளவு பார்க்க அனுப்பியிருக்கலாம் என்பது செக்யூரிட்டி ஆபீசரின் சந்தேகம். நான் அழுதுகொண்டே அப்பா நம்பரைச் சொன்னேன். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அப்பா குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு எங்க கம்பெனில இருக்குதுங்க.”

“வேல கெடச்சிருச்சுங்களா?” அப்பாவின் குரலில் அவ்வளவு பூரிப்பு. “சம்பளம் எவ்ளோங்க?”

“வேலையெல்லாம் குடுக்கலிங்க.”

“அப்பறம் எதுக்குங்க அங்க இருக்குது?”

“அதத்தாங்க நாங்களும் கேட்டுக்கினு இருக்கறோம்.”

மாட்டை விட்டுவிட்டு அப்பா வந்து சேர்ந்தார். தோளில் இருந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, செக்யூரிட்டியில் தொடங்கி அங்கிருந்த எல்லோரையும் கும்பிட்டார். “அறியாப் பொண்ணுங்க, மன்னிச்சிருங்க.” அதுவரை எனக்குப் பயம்தான். அவர் கும்பிட்டதைப் பார்த்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. மேடம்தான் சமாதானம் பேசி, “சரி, விடுங்க சார். உள்ள வந்து பாத்தாத்தான் தெரியும்னு யாரோ சொல்லியிருக்காங்க, வந்துருச்சு” என்று எங்களை அனுப்பினார்.

நான் நகரவில்லை.

“மேடம், நீங்க என்னா வேல பண்றீங்க?”

“தப்பு நடந்தா ஏன்னு கேக்கற வேல.”

“நாள் பூராவா?”

“நாள் பூரா.”

“அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?”

“குடுக்கறாங்க.”

“என்னா மேடம் படிச்சீங்க?”

“பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல்.”

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். “கேட்டது போதும், வா!”

பஸ்ஸில் சூளகிரி தாண்டும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அடி விழும் என்றுதான் காத்திருந்தேன். மெதுவாகத் திரும்பி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “உள்ள என்னா இருந்துச்சு பாப்பா?” என்றார். கிருஷ்ணகிரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். இடையிடையே அவரும் ‘அது எதுக்கு?’ என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மண்டிக்குப் போகாமல், யாரையும் கேட்காமல், நேராக பாலிடெக்னிக்குக்கு என்னைக் கூட்டிப்போனார்.

படித்து முடித்து, ஓசூரில் வேறொரு கம்பெனியில் குவாலிட்டியில் எனக்கு வேலை கிடைத்தது. கேட்டுக்கு வெளியே வந்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்தேன்.

“அப்பா, கம்பெனில வேல கெடச்சிருச்சுப்பா!”

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அது அவங்களுக்குத் தெரியுமா பாப்பா?”

சுமதி அக்கா இன்றும் நான் போனால் யூனிபார்மைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள். போன மாதம் எனக்கு பிரமோஷன் வந்தது. அப்பாவிடம் போனில் பாதிதான் சொல்லியிருப்பேன், பின்னாலிருந்து தம்பி கத்தினான்: “கம்பெனிக்குத் தெரியுமான்னு கேளுப்பா!”