மஞ்சள் தொட்டியில் ஒரு பால் பாத்திரம்

பால் பொங்கி, வற்றி, கருகிப் புகை கிளம்பிய பிறகுதான் மருமகள் பேச்சை நிறுத்தினாள். பேசிக்கொண்டிருந்தது சுவரோடு, மாலைக் கூட்டத்துக்கான ஒத்திகை. அணுமின் நிலையத்தில் அவள் மக்கள் தொடர்பு அதிகாரி. பயன்படுத்தி முடித்த எரிபொருளை வைக்க நிலையத்துக்குள் கிடங்கு கட்டலாமா என்று ஊர்க்காரர்கள் இன்று மாலை அங்கே வந்து கைதூக்கிச் சொல்லப்போகிறார்கள். பெண்கள் சங்கத் தலைவியின் கை எந்தப் பக்கமோ, ஊரும் அந்தப் பக்கம். தலைவி அவளுடைய மாமியார்.

கருகிய பாத்திரமும் மாமியாருடையதுதான். அவருடைய நாத்தனார் கொடுத்தது. வரும்போதெல்லாம் நாத்தனார் முதலில் அதைத்தான் தேடுவார். நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போதுகூட, "பாலைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் போனார்.

"வீட்டுக் குப்பையையே நூறு தடவை சொன்னாத்தான் எடுத்துப் போடுறே. ஆயிரக்கணக்கான வருஷம் விஷம் இறங்காத குப்பையை எங்கே வெப்பே?" என்று மாமியார் நேற்றுத்தான் கேட்டிருந்தார்.

அழுத்தித் தேய்த்தாள். கைப்பிடி கையோடு வந்தது. பாத்திரத்தைக் குப்பைக் கூடையில் காய்கறித் தோல்களுக்கு அடியில் புதைத்தாள்.

"ஏய், அம்மா பாத்திரம் குப்பையில கிடக்கு! நல்லவேளை நான் பாத்தேன்" என்று கணவன் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கத்தாதீங்க. குடுங்க இப்படி."

தெருமுனைத் தொட்டியில் போட்டாள். காரைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க மாமியார் பாத்திரமாச்சே! கைப்பிடி போனா என்ன, ஒட்டிக்கலாம்."

நன்றி சொல்லிக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். ஒளிக்கத் தொடங்கிய பொருள் பைக்குள் கிடந்தாலும், இடத்தை அடைப்பது மனசுக்குள்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

நிலையத்தின் வாசலில் காவலர் பையைப் பார்த்தார். "இது என்ன மேடம்?"

"சாயங்காலக் கூட்டத்துல காட்டுறதுக்கு."

"அப்படியே கழிவு மாதிரியே செஞ்சிருக்காங்க!"

பார்வையாளர்கள் வரும் வழியைச் சரிபார்க்க உள்ளே போனவள், கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்தவர்கள் கழற்றிய கையுறைகளைப் போடும் மஞ்சள் தொட்டியைக் கண்டாள். இதற்குள் யார் கையை விடப்போகிறார்கள்? மூடி விழுந்ததும் மனசு லேசானது. அந்தத் தொட்டியில் விழுந்த எதுவும் சோதிக்கப்படாமல் போகாது என்று பார்வையாளர்களுக்காக எழுதி வைத்தவளே அவள்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது.

"நிலக்கரிப் புகை மேலே போயிடுது. அதுக்கப்புறம் அது யாரோட குப்பையும் இல்ல. எங்க குப்பை அளவுல கொஞ்சம். ஆபத்தானதுதான், மறைக்கல." முன்வரிசையில் இருந்த மாமியாரைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "ஆனா எங்கே இருக்குன்னு எப்பவும் எங்களுக்குத் தெரியும்."

மாமியார் கேட்டார்: "நாளைக்கே ஒண்ணு காணாமப் போனா?"

பாதுகாப்புப் பொறியாளர் துள்ளி எழுந்தார். "போகாதும்மா. இன்னைக்கே ஒண்ணு நடந்துச்சு, காட்டுறேன்."

திரையில், கைப்பிடி இல்லாமல், கருகிய பால் பாத்திரம் ஆளுயரத்துக்கு நின்றது.

"கதிர்வீச்சு துளிகூட இல்ல. ஆனா மஞ்சள் தொட்டியில விழுந்துட்டா எங்க சட்டப்படி அது கழிவுதான். பீப்பாய்ல இறக்கி, சிமென்ட் ஊத்தி மூடியாச்சு."

"அது அம்மாவோட..." என்று ஆரம்பித்த கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினான். மாமியார் எழுந்தார்.

"அத்தை, நான்தான்..."

"நீ இரு." பொறியாளரிடம் திரும்பினார். "தம்பி, அது இனி வெளியே வராதா?"

"வரவே வராதும்மா."

"என் நாத்தனாரே வந்து கேட்டா?"

"யார் வந்தாலும் தர மாட்டோம்."

மாமியாரின் கை உயர்ந்தது. பின்னாலேயே ஊரின் கைகளும் உயர்ந்தன.

வெளியே போகும்போது அவர் மருமகளின் காதருகே குனிந்தார்.

"நான் எத்தனை தடவை அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டாலும் யாராவது கொண்டாந்து குடுத்துடுறாங்க, அதான் காலையில நீ சுவரோட பேசிட்டிருந்தப்ப, அடுப்புத் தீயை நானே கூட்டி வெச்சுட்டுப் போனேன்."