சேறு தெறிக்காத வண்டி

எந்த மோட்டார் சைக்கிளுக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் முன்பக்கத்தைப் பார்க்கிறார். ஊர் பின்பக்கத்தைப் பார்க்கிறது. இந்த உண்மை தையல்காரருக்கு வண்டி வாங்கி இரண்டு வருஷம் கழித்து ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. பக்கத்தில் வந்து நின்றதும் இவருடையது மாதிரியே ஒரு க்ரூஸர்தான். அதே தாழ்ந்த சீட்டு, அதே அகலமான கைப்பிடி. ஆனால் அதன் பின்சக்கரத்துக்கு மேலே கைக்குட்டை அளவுக்குத்தான் தகரம் இருந்தது. நடைபாதையில் போனவர்கள் எல்லாரும் அதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தையல்காரரின் வண்டியை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரில் பாதிப் பேரை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உடுத்திவிட்ட மனிதர் அவர். தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"பின்னாடி மட்கார்டு மாத்தணும்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மட்கார்டுன்னா சைக்கிள் கடைக்குப் போங்க சார். நம்மகிட்ட ஃபெண்டர்தான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"மட்கார்டு சேறு படாம இருக்க. ஃபெண்டர் பார்க்கறதுக்கு."

சுவரில் ஃபெண்டர்கள் வரிசையாகத் தொங்கின. அகலமாய்ச் சக்கரத்தை மூடுவது, நுனி மட்டும் மேலே தூக்கியிருப்பது, பக்கவாட்டில் மட்டும் இறங்குவது என்று பல தினுசு. சின்னதாக ஆக ஆக விலை ஏறிக்கொண்டே போனது. தகரம் குறைந்தால் விலையும் குறைய வேண்டாமா என்று தையல்காரர் கேட்டார். "குறைக்கறதுதான் சார் வேலையே" என்றார் மெக்கானிக். முழங்காலில் கிழித்த பேண்ட்டுக்குக் கூடுதல் கூலி வாங்குகிறவர் இதற்கு மேல் என்ன பேச முடியும்? இருப்பதிலேயே சின்னதைக் கை காட்டினார்.

"அது சரி, நான் எங்க உட்கார்றது?" என்று மனைவி கேட்டாள்.

"அக்கா, இந்த ஸ்டைல்ல பின்னாடி யாரும் உட்கார மாட்டாங்க."

"அப்போ இந்த ஸ்டைல்காரங்க யாரும் கல்யாணமே பண்ணிக்கறதில்லையா?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்றார். மனைவி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

வேலை தொடங்கியது. பழைய மட்கார்டு கழன்று வந்தது. பின்சீட்டு போனது. நம்பர் பலகை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. புதுத் தகரத்துக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது உரசும் என்று சொல்லி மெக்கானிக் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். தையல்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து நுனியில் தானே ஒரு வளைவு போட்டார்.

"ஒரு இஞ்ச் மடிப்புக்கு விட்டு வெட்டுங்க. பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கலாம்."

"சார், இது தகரம். வெட்டினா வெட்டினதுதான்."

நான்கு போல்ட்டும் இறுகின. பின்விளக்கு எரிந்தது. தையல்காரர் வண்டியைத் தெருவில் விட்டதும் மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஆளாகக் கைதட்டிக் கூப்பிட்டவர் வாகன ஆய்வாளர்.

ஆய்வாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "விதி என்ன சொல்லுது தெரியுமா? பின்னால் வருபவர் மீது சேறு தெறிக்காவண்ணம் தகரம் அமைந்திருத்தல் வேண்டும். இது தெறிக்குமா, தெறிக்காதா?"

"தெறிக்காது சார்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. சேறு சொல்லணும்."

மேற்படி வாகனம் பொதுநலன் கருதி, உரிய சேற்றால் உரிய முறையில் சோதிக்கப்படும் வரை, அலுவலக வளாகத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. தையல்காரர் தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார். புல் முளைத்தது. புல் வளர்ந்து ஃபெண்டரைத் தொட்டது. இன்னும் ஒரு மழை பெய்தால் துரு பிடித்துவிடும். இப்படிப் பறிகொடுக்கவா ஆசை ஆசையாய் வாங்கினோம் என்று இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் உள்ளே போய், "சார், சோதனை எப்போ?" என்று கேட்டார்.

"சேறு இல்லையே."

தையல்காரர் ஜன்னல் வழியே காட்டினார். அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, ஓர் எருமை புரளுகிற அளவுக்கு ஒரு குழி இருந்தது. அதில் சேறு தளும்பிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். "அது சாலைத் துறையோட இடம். அந்த ரோட்டுல குழியே இல்லைன்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. இல்லாத குழியிலேர்ந்து நாங்க எப்படிச் சேத்தை அள்றது?"

நியாயம்தானே? ஆகவே சேறு தருவிக்க ஒப்பந்தக்காரர் நியமிக்கப்பட்டார். சேறு கல் இல்லாமல், கட்டி இல்லாமல், நடுத்தரக் குழைவோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அடுத்தபடியாக, "பின்னால் வருபவர்" வேண்டும். அலுவலக உதவியாளருக்கே அந்தப் பொறுப்பு கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. அவர் வெள்ளைச் சட்டை கேட்டார். சட்டையை விண்ணப்பதாரரே தர வேண்டும் என்றார் ஆய்வாளர். தையல்காரர் தன் வண்டியை மீட்க, தன் கையாலேயே ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தார். உதவியாளர் போட்டுப் பார்த்து, அக்குளில் பிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். பிரித்துத் தைத்ததில் இன்னும் கொஞ்சம் புல் வளர்ந்தது.

ஒருவழியாகச் சோதனை நாள் வந்தது. சேறு லாரியில் எப்போதோ வந்து இறங்கியிருந்தது. அதைச் சேறுதான் என்று மூன்று மேஜைகளில் ஏற்றுக்கொள்வதற்குள் வெயிலில் காய்ந்து பாறையாகிவிட்டிருந்தது. ஆய்வாளர் செருப்பால் தட்டிப் பார்த்தார். ணங் என்றது.

"சார், கொஞ்சம் தண்ணி ஊத்தலாமே?" என்றார் உதவியாளர்.

"ஊத்தினா அது நாம ஏத்துக்கிட்ட சேறா இருக்காது. வண்டியை எடுங்க."

தையல்காரர் அந்தப் பாறை மேல் வண்டியை ஏற்றி இறக்கினார். உதவியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். சட்டையில் ஒரு பொட்டு இல்லை. ஆய்வாளர் அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, "சேறு தெறிக்காத வண்டி" என்று உரக்கப் படித்து, கை குலுக்கி, மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலைத் தாண்டியதும் ஆனந்தத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார். பின்சக்கரம் அந்த 'இல்லாத' குழிக்குள் இறங்கியது.

சப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது ஆய்வாளரின் மீசையிலிருந்து பெல்ட் வரைக்கும் நேராக ஒரு பழுப்புக் கோடு. வண்டி மறுபடியும் அந்தப் புல்லுக்கே போகப்போகிறது என்று தையல்காரருக்குத் தெரிந்துவிட்டது.

உதவியாளர் ஓடிவந்தார். "ஐயோ சார், சேறு!"

ஆய்வாளர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். "எங்கேர்ந்து வந்துச்சு?"

"குழியிலேர்ந்து சார்."

"இங்க குழி இல்லைன்னு எழுத்துல இருக்கு."

"வண்டியிலேர்ந்து..."

"அது சேறு தெறிக்காத வண்டி. இப்பதான் நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பொய்யா?"

உதவியாளர் குழியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் தன் வேலையை நினைத்துப் பார்த்தார்.

"சார், அப்போ இது சட்டையோட டிசைன்தான். நான்தான் சரியாப் பார்க்கலை."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் ஆய்வாளர். அன்று முழுக்க அவர் அந்தச் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார். கழற்றினால் சேறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

மறுநாள் காலையில் உதவியாளர் சட்டையில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். அதற்கடுத்த நாள் எழுத்தர்கள் எல்லாரும் அப்படியே வந்தார்கள். மேலதிகாரிக்கு விஷயம் எட்டியபோது அவர் தன் பதவிக்கு ஏற்ற அகலத்தில் போட்டுக்கொண்டார். அலுவலகத்துக்கு வந்துபோன ஜனங்கள் பார்த்தார்கள். இப்படி இருந்தால்தான் காரியம் சீக்கிரம் நடக்கிறது என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், தையல்காரரின் கடை வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. முதுகில் கோடு, மார்பில் கோடு, கல்யாணத்துக்குப் பட்டில் கோடு. கைவசம் காசில்லாதவர்கள் அலுவலக வாசலுக்குப் போய், குழிக்குப் பின்னால் வரிசையில் நின்று, வருகிற வண்டிகளிடம் கோடு வாங்கிக்கொண்டார்கள். வண்டிக்காரர்களும் சும்மா இல்லை. ஊரில் ஒரு முழு மட்கார்டு பாக்கியில்லாமல் வெட்டித் தள்ளினார்கள். பட்டறைக்காரர் இரண்டாவது கிளை திறந்தார்.

இந்த நேரம் பார்த்து ஒரு ஜல்லி லாரி வழிதவறி வந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றது. குழியை மூடப்போகிறார்கள் என்று புரளி கிளம்பியது. வருஷக்கணக்காக அந்தக் குழியில் விழுந்து எழுந்து திட்டித்தீர்த்த அதே ஜனம் லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டது. மூடக் கூடாது என்று சாலைத் துறைக்கு மனு போனது. முதல் கையெழுத்து தையல்காரருடையது. பிழைப்பாயிற்றே! இல்லாத குழியை மூடும் உத்தேசம் எதுவும் துறைக்கு இல்லை என்று மறுநாளே பதில் வந்தது. மனுவுக்கு மறுநாளே பதில் கிடைத்த சந்தோஷத்தில் ஊரே வெடி வெடித்தது.

தையல்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. மனைவி பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

"என்னாச்சு?"

"கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தான். பஸ்ல எல்லாரும் பார்த்தாங்க. நீங்க வெளியூராம்மான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"இந்த ஊர்தான்னு சொன்னேன். நம்பலை. வெளியூர்க்காரங்களுக்கு ரெட்டை டிக்கெட்டுன்னு கிழிச்சுக் குடுத்துட்டான்." அவள் எழுந்து வந்து அவர் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். "அளவெடுங்க. கோடு நல்லா அகலமா இருக்கட்டும்."