எல்லைக்கல் அண்ணாச்சியும் நாலாவது கல்லும்

அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதை முழுசாக வாசித்து, வாசித்ததை அப்படியே நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் சங்கரன்கோவிலில், புளியங்குடி ரோட்டை ஒட்டி முளைத்த எங்கள் நகரில் வந்து மாட்டிக்கொண்டார். விசைத்தறியில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் கிளம்பி, பூங்கா, பலகை, பழைய சர்வே கல் என்று ஒன்றுவிடாமல் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். கல்லில் வெட்டிய எண் தெளிவாகத் தெரிவதற்காக, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலும் தேய்ந்த டூத் பிரஷும் எப்போதும் பையில் இருக்கும். எல்லைக்கல் அண்ணாச்சி என்று பட்டம் வைத்தது நான்தான்.

எங்கள் நகர்ப் பூங்காவில் ‘பூக்களைப் பறிக்காதீர்’ என்று ஒரு பலகை உண்டு. உள்ளே சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒன்று பூச்செடி வையுங்கள், இல்லையென்றால் பலகையை எடுங்கள் என்று அண்ணாச்சி குடியிருப்போர் சங்கத்துக்கு மனு கொடுத்தார். சங்கத்துக்குச் செயலாளர் நான். ஆறு மாதம் தீர யோசித்து, பலகைக்குப் புது பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்.

இன்னொரு தடவை ராயகிரி போகிற வழியில் ஒரு பழைய கல்லைக் கண்டுபிடித்து, மண்டி போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவர் பார்த்திருக்கிறார்கள். மறுவாரம் கல்லில் குங்குமம். அதற்கடுத்த வாரம் மஞ்சள் துணி. அண்ணாச்சி பதறிப்போய், இது சாமி இல்லை, வெறும் சர்வே கல் என்று விளக்கப் போனார். எலுமிச்சம்பழத்தோடு நின்ற ஒரு அம்மா, “நீங்கதான அண்ணாச்சி எண்ணெக்காப்பு நடத்துனது? இப்ப நீங்களே மாத்திச் சொல்லுதீங்க” என்றாராம். இதை நான் ஒரு மாதம் டீக்கடையில் நடித்தே காட்டினேன்.

பிறகு சங்கத்தில் பூங்காவுக்குக் கம்பிவேலி போட முடிவானது. நாலு மூலைக் கல்லையும் வைத்து வேலி சுற்ற வேண்டும். மூன்று கல் இருந்தது. என் வீட்டை ஒட்டிய மூலையில் மட்டும் கல்லைக் காணோம். அங்கேதான் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடுவதாக ஏற்பாடு. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. முள்ளுக்குள் புகுந்து கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடவே போய்த் தேடினேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல் என் வீட்டுப் புறவாசலில் கிடந்தது. வீடு கட்டும்போது கொத்தனார் அதைப் பிடுங்கி, எண் வெட்டிய பக்கத்தைக் கீழே போட்டு, துவைக்கிற கல்லாகப் பதித்துவிட்டார். கல் நின்ற இடத்தில் என் கார் ஷெட். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் நடந்தது. தேடிக் களைத்து வந்த அண்ணாச்சி அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் எங்கள் வீட்டு மோரைக் குடித்தார்.

வேலி போடுகிற அன்று அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

“வே, இங்கன மொத வீடு கட்டுன ஆளு நீரு. இந்த மூலையில ஒரு கல்லு நின்னுச்சா, இல்லியா?”

“நான் பாக்கல அண்ணாச்சி.”

வேலி என் ஷெட்டுக்கு வெளியே கோணலாகத் திரும்பிப் போனது. ஊஞ்சல் மூலை என் பக்கம் வந்துவிட்டது. இல்லாத கல்லைத் தேடுகிற அண்ணாச்சிக்குக் கிறுக்கு முற்றிப்போச்சு என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணாச்சி நோட்டை எடுத்து, ‘நாலாவது கல் இல்லை. தவறு என்னுடையது’ என்று எழுதினார். பக்கத்தில் நின்று அதை வாசித்துத் தொலைத்தேன்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். புறவாசலில் துணி துவைக்கிற சத்தம் கேட்டாலே தெருவில் இறங்கி நடந்துவிடுவேன். ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இனி முகத்தில் விழிக்காதே என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அண்ணாச்சி நோட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டு, “நம்பர் அழியாம இருக்கா?” என்று கேட்டார்.

“அடிப்பக்கமாத்தான் கெடக்கு, அழிஞ்சிருக்காது அண்ணாச்சி.”

“அப்ப ஷெட்டப் பிரிக்கணுமே வே.”

“நாளைக்கே பிரிச்சிருதேன்.”

“வெள்ளனவே வாரேன். தெரு முழிக்கதுக்குள்ள முடிச்சிருவோம். பாத்தா ஒம்மளச் சிரிப்பானுவ.”

ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தபோது ஒரு நாளும் கவலைப்படாதவர், என்னைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதென்று விடிவதற்கு முன்னால் ஸ்பானரோடு வாசலில் நின்றார். நிமிர்ந்து பார்க்கக் கூசி, நான் தகரத்தைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். மறுபக்கம் கனம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் அவர். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்து வந்திருப்பாரா, தெரியாது.